தத்தத் தெரியாத தேவாங்கும் தத்து ஆபீஸும்

ஒரு காட்டில் அம்மா இல்லாத பிள்ளைகள் நிறைய இருந்தார்கள். பிள்ளை இல்லாத அம்மாக்களும் நிறைய இருந்தார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் ஓர் ஆபீஸ் இருந்தது.

அந்தக் காட்டில் ஒரு வேல மரத்தில் மருதாயி என்கிற தேவாங்கும் அவள் புருஷன் சடையனும் குடியிருந்தார்கள். கல்யாணமாகி ரொம்ப நாளாகியும் குட்டி இல்லை. தேவாங்கைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உடம்பு ஒரு கைப்பிடிதான் இருக்கும், கண் மட்டும் முகம் முழுக்க இருக்கும். எதைச் செய்தாலும் மெதுவாகச் செய்யும். யாராவது அதட்டினால் முழிக்கும். அதட்டாவிட்டாலும் முழிக்கும்.

ஒரு மழைக்காலத்தில் பக்கத்து மரத்துத் தேவாங்கு தார்ரோட்டைத் தாண்டும்போது லாரியில் அடிபட்டுச் செத்துப்போனது. அதன் குட்டி கிளையில் தொங்கிக்கொண்டு கத்தியது. மருதாயி போய் எடுத்து வயிற்றோடு ஒட்டிக்கொண்டாள். குட்டியும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. கண் குண்டுமணி மாதிரி இருந்ததால் குண்டுமணி என்றே பேர் வைத்தார்கள். எறும்பு பிடித்துக் கொடுத்தாள், தின்றான். கீழே இறக்கினால் அழுதான். தூக்கினால் தூங்கினான். கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

முடிய விடாமல் ஒரு புதுச் சட்டம் வந்தது. காகிதம் இல்லாத குட்டிகள் எல்லாம் காப்பகத்துக்குப் போக வேண்டும் என்று. காப்பகத்தை நடத்தியது நரி. அங்கே போன குட்டிகள் எல்லாம் நன்றாக இருப்பதாக நரி சொல்லும். நரியும் நன்றாகத்தான் இருந்தது. வருஷத்துக்கு வருஷம் தொந்தி விழுந்துகொண்டு வந்தது.

மருதாயி குண்டுமணியை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"ஏங்க, இவனுக்கு ஒரு காகிதம் வாங்கிடுவோங்க," என்றாள்.

"காகிதம்தானே புள்ள. போய்க் கேட்டா குடுத்துடப் போறாங்க," என்றான் சடையன். அவன் அதுவரைக்கும் எந்த ஆபீஸுக்கும் போனதில்லை.

தேவாங்குக்கு விழிப்பு ராத்திரியில்தான். ஆபீஸ் திறப்பதோ பகலில்தான். அதனால் இரண்டு பேரும் வரிசையில் நின்றுகொண்டே தூங்கிப்போனார்கள். பின்னால் நின்ற கீரி, உடும்பு, காட்டுக்கோழி எல்லாம் அவர்களைச் சுற்றிக்கொண்டு முன்னே போய்விட்டன. ஒரு முள்ளம்பன்றி மட்டும் சுற்றிப் போகாமல் உரசிக்கொண்டு போனது. அதில்தான் முழிப்பு வந்தது.

உள்ளே தத்து அதிகாரியாக ஒரு தவளை மேசை மேல் உட்கார்ந்திருந்தது. தவளைக்கு அந்த வேலை எப்படிக் கிடைத்தது என்றால், சட்டம் போட்ட அன்றைக்குக் கூட்டத்தில், 'தத்து என்றால் என்னவென்று யாருக்காவது தெரியுமா' என்று கேட்டார்களாம். தவளை மட்டும்தான் கையைத் தூக்கியதாம்.

"என்ன வேணும்?"

"குட்டிக்குக் காகிதம் வேணுங்க. தத்துக் காகிதம்," என்றாள் மருதாயி. சத்தம் அவளுக்கே கேட்கவில்லை. சடையன்தான் திருப்பிச் சொன்னான்.

"எந்த நாடு?"

மருதாயி முழித்தாள்.

"குட்டி எந்த நாட்டுலேர்ந்து வருதுன்னு கேட்டேன்."

"பக்கத்து மரத்துலேர்ந்துங்க."

"பக்கத்து மரத்துலேர்ந்து வந்தா அது எப்படிம்மா தத்து ஆகும்? தத்துன்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

"பிள்ளையா எடுத்து வளக்கிறதுங்க."

"யார் சொன்னா? தத்துன்னா தத்துறது. பொறந்ததுலேர்ந்து நான் தத்திக்கிட்டு இருக்கேன், நீ வந்து எனக்குச் சொல்லித் தர்றே." தவளை மேசையிலிருந்து நாற்காலிக்குத் தத்தியது. நாற்காலியிலிருந்து திரும்ப மேசைக்குத் தத்தியது. "பாத்தியா. இங்கேருந்து அங்கே போகணும். எல்லை தாண்டணும். தாண்டினாத்தான் தத்து. இருந்த எடத்துலேயே ஒட்டிக்கிட்டு இருந்தா அதுக்குப் பேரு ஒண்டுறது. ஒண்டுறதுக்கெல்லாம் காகிதம் கிடையாது."

"தேவாங்குக்குத் தத்த வராதுங்களே சார். நாங்க ஊர்ந்துதான் போவோம்," என்றான் சடையன்.

"அது உங்க குடும்பப் பிரச்சினை. முதல்ல ஒரு நாட்டைப் பாரு, அப்புறம் ஒரு ஏஜென்சியைப் பாரு, எல்லாம் முடிவு பண்ணிட்டு இங்கே வா. அடுத்தது யாருப்பா?"

அடுத்தது யாரும் இல்லை. மணி ஆகிவிட்டதால் தவளை கதவைச் சாத்தியது.

ஆபீஸுக்கு எதிரிலேயே ஒரு கொக்கு ஏஜென்சி வைத்திருந்தது. 'வெண்சிறகு சர்வதேசத் தத்து ஆலோசனை மையம்' என்று பலகை. கொக்கு வெள்ளையாக இருந்தது, ஒற்றைக்காலில் அசையாமல் நின்றது. அதைப் பார்த்து எல்லோரும் நம்பினார்கள். மீன்களிடம் யாரும் விசாரிக்கவில்லை.

உள்ளே ஏற்கெனவே ஒரு மயில் அம்மா உட்கார்ந்து படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "பாறை நாட்டுக் குட்டிங்க கலர் கொஞ்சம் கம்மியாமே," என்று புருஷனிடம் சொன்னாள். "மூங்கில் நாடே போலாங்க. எங்க அக்கா அங்கேதான் எடுத்தா. தங்குற எடமெல்லாம் ரொம்ப சுத்தமாம். போற வழியில ஒரு அருவி கூட இருக்காம்."

கொக்கு மருதாயி பக்கம் திரும்பியது. "சொல்லுங்கம்மா. நாட்டை முடிவு பண்ணிட்டீங்களா?"

"குட்டி இருக்குங்க. நாடுதான் இல்லைங்க."

கொக்கு கண்ணை மூடிக்கொண்டது. "இதை நான் கேக்கலை. குட்டியை முதல்லயே பாத்து வெச்சுக்கிறது சட்ட விரோதம்மா. முதல்ல நாடு, அப்புறம் ஏஜென்சி, அப்புறம் வீட்டு ஆய்வு. குட்டி கடைசியிலதான். குட்டியில ஆரம்பிச்சீங்கன்னா எல்லாமே குழம்பிடும்."

பிறகு நாடுகளை ஒவ்வொன்றாகச் சொன்னது. மூங்கில் நாட்டில் குட்டிகள் சாந்தம், ஆனால் அப்பா அம்மாவின் எடையைப் பார்ப்பார்கள், ஒரு யானை ஜோடி எவ்வளவோ பட்டினி கிடந்தும் திரும்பி வந்துவிட்டது. பாறை நாட்டில் சீக்கிரம் கிடைக்கும், ஆனால் இரண்டு பேருக்கும் கொம்பு இருக்க வேண்டும்.

"உப்பு நாடுன்னு ஒண்ணு இருந்துச்சு. அருமையா ஓடிக்கிட்டு இருந்துச்சு. போன வாரம்தான் மூடிட்டாங்க."

"ஏங்க மூடிட்டாங்க?"

"சில குட்டிகளுக்கு அம்மா இருந்துச்சாம். அம்மாக்காரிங்க தேடிக்கிட்டு வந்துட்டாங்களாம். இதெல்லாம் ஒரு விஷயமா? கொஞ்ச நாள் பேசிட்டு மறுபடி திறந்துடுவாங்க."

மருதாயி சடையனைப் பார்த்தாள். சடையன் நின்றபடி தூங்கிக்கொண்டிருந்தான்.

"எங்க குட்டியையே அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போயிட்டு, இந்தப் பக்கம் கொண்டாந்தா ஆகாதுங்களா?" என்று கேட்டாள். அவள் வாழ்க்கையில் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

"ஆகலாம். ஆனா குட்டிக்குப் பாஸ்போர்ட் வேணும். அதுக்கு அம்மா கையெழுத்து வேணும்."

"நான் போடுறேங்க."

"நீங்க அம்மா இல்லையே."

"அம்மா ஆகத்தானேங்க வந்திருக்கேன்."

"அம்மா ஆகணும்னா குட்டி எல்லை தாண்டணும். தாண்டணும்னா பாஸ்போர்ட் வேணும்." கொக்கு காலை மாற்றி நின்றது. "எதுக்கும் வீட்டு ஆய்வை முடிச்சு வெச்சுக்குவோம். நாளைக்கு வர்றேன்."

மறுநாள் கொக்கு வேல மரத்துக்கு வந்தது. கிளை கிளையாக நடந்து பார்த்தது. முள் குத்தியதை எழுதிக்கொண்டது.

"குட்டிக்குத் தனிக் கிளை எது?"

"தனியா எதுக்குங்க? என் வயித்து மேலதான் தூங்குவான்."

"தனிக் கிளை இல்லை," என்று எழுதியது. "விளையாட எடம்?"

"அதுவும் என் மேலதாங்க."

"விளையாட்டு மைதானம் இல்லை," என்று எழுதியது. அந்த நேரம் பார்த்துக் குண்டுமணி அவள் கையிடுக்கிலிருந்து தலையை நீட்டிக் கொக்கைப் பார்த்து முழித்தான்.

"இது யாரு?"

பொய் சொல்லத் தெரிந்திருந்தால் மருதாயி சொல்லியிருப்பாள். தெரியாததால் முழித்தாள். அம்மாவும் பிள்ளையும் ஒரே மாதிரி முழித்தார்கள். கொக்கு அதையும் எழுதிக்கொண்டு பறந்துபோனது.

அன்றைக்குச் சாயங்காலமே நரி வந்தது. கையில் உத்தரவு இருந்தது.

"பயப்படாதம்மா, என் சொந்தப் பிள்ளை மாதிரி பாத்துக்குவேன்," என்றது. குண்டுமணியை அவள் வயிற்றிலிருந்து பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது. ஒரு கையை விடுவித்தால் இன்னொரு கையால் பிடித்தான். தூக்கிப் பார்த்துவிட்டு நரி வருத்தப்பட்டது. "ரொம்ப எலும்பா இருக்கானே. இருக்கட்டும், கொஞ்சம் சதை போடட்டும். அவசரம் ஒண்ணுமில்லை."

அந்த அவசரமில்லை என்ற வார்த்தையில் மருதாயிக்கு உசிரே போய்விட்டது. பிள்ளைக்குச் சதை போடுவதற்குள் காகிதம் வாங்கியாக வேண்டும்.

ஆபீஸ் வாசலில் கரடி ஒரு டீக்கடை போட்டிருந்தது. மருதாயி அங்கே உட்கார்ந்து அழுதாள். பக்கத்தில் பெஞ்சு பேசியது. பெஞ்சு இல்லை, பெஞ்சு நிறத்தில் ஒரு பச்சோந்தி.

"ஏம்மா அழுவுறே? குட்டியால தத்த முடியலேன்னா நீ தத்து."

"நானா?"

"எல்லை தாண்டணும்னுதானே சட்டம். குட்டிதான் தாண்டணும்னு எங்கே எழுதியிருக்கு? நீ அந்தப் பக்கம் போயிட்டா, இந்தப் பக்கம் இருக்கிற குட்டி உனக்கு வெளிநாட்டுக் குட்டி. தீந்துச்சு."

கூட வந்திருந்த சடையன் யோசித்தான். "இவ இந்த ஊருக்காரியாச்சே. தெரிஞ்சுக்க மாட்டாங்களா?"

"இத்தனை நாள் வந்தாளே, ஒருத்தராவது இவ மூஞ்சியப் பாத்தாங்களா?"

அது சரிதான் என்று இரண்டு பேருக்கும் பட்டது.

"ஏஜென்சி என்னுது. நாட்டை மட்டும் நீ தேர்ந்தெடு," என்றது பச்சோந்தி. "மூங்கில் நாட்டுக்காரின்னா உக்காரச் சொல்லுவாங்க. பாறை நாட்டுக்காரின்னா டீ குடுப்பாங்க. பனித்தீவுக்காரின்னா மாலையப் போட்டு, குட்டியக் கையில குடுத்து, வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புவாங்க."

"பனித்தீவு எங்கேங்க இருக்கு?"

"எனக்குத் தெரியாது. அவங்களுக்கும் தெரியாது. அதனாலதான் அதுக்கு அவ்வளவு மரியாதை."

செம்மறி ஆட்டிடம் போய் ஒரு ஸ்வெட்டர் வாங்கினார்கள். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டார்கள். தேவாங்குக் கண்ணுக்கு ஏற்ற கண்ணாடி கிடைக்காமல், கடைசியில் யானைக் கடையில் கிடைத்தது. எல்லை என்பது காட்டோரம் ஓடுகிற ஓர் ஓடை. அதன் மேல் விழுந்து கிடந்த மரத்தில் மருதாயி ஊர்ந்து ஊர்ந்து அந்தக் கரைக்குப் போனாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். ஊர்ந்து ஊர்ந்து திரும்பி வந்தாள்.

"எனக்குப் பேச வராதேங்க," என்றாள் பச்சோந்தியிடம்.

"பேசினாத்தான் ஆபத்து. எது கேட்டாலும் 'ஓ'ன்னு மட்டும் சொல்லு."

சித்திரை வெயில். ஸ்வெட்டருக்குள் வேர்த்துக் கொட்ட மருதாயி ஆபீஸுக்குள் நுழைந்தாள். தவளை மேசையிலிருந்து ஒரே தத்தாகத் தரைக்கு வந்தது.

"வெல்கம் மேடம், வெல்கம். பனித்தீவுலேர்ந்து வர்றீங்களா? பிரயாணமெல்லாம் சௌகரியமா?"

"ஓ."

"எவ்வளவு எளிமை பாருங்க," என்று தவளை பக்கத்தில் நின்ற கொக்கிடம் சொன்னது. "நம்ம ஊர்ப் பொம்பளைங்களா இருந்தா இந்நேரம் என்னெல்லாம் கேட்டிருப்பாங்க." கரடிக் கடையிலிருந்து டீ வந்தது. தவளை தன் நாற்காலியைத் துடைத்துப் போட்டது. மேடத்துக்கு வீட்டு ஆய்வு வேண்டாமா என்று ஒரு குமாஸ்தா அணில் கேட்டது. பனித்தீவுக்காரர்கள் வீட்டைப் போய்ச் சோதிப்பது மரியாதையில்லை என்று கொக்கு சொல்லிவிட்டது.

காப்பகத்துக் குட்டிகளை வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கொழுகொழுவென்று இருந்ததையெல்லாம் நரி தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டது. எலும்பும் தோலுமாக இருந்ததை முன்னால் தள்ளியது. அழுதே இளைத்துப்போயிருந்த குண்டுமணி முன் வரிசையில் இருந்தான்.

மருதாயி விரலை நீட்டினாள்.

"இதுவா மேடம்? இதைவிட நல்லதெல்லாம் இருக்கு," என்றது தவளை.

"ஓ," என்றாள் மருதாயி. விரலை எடுக்கவில்லை.

அணில் குண்டுமணியைத் தூக்கிக்கொண்டு வந்தது. அவன் அந்தக் கறுப்புக் கண்ணாடியையும் கம்பளி உடம்பையும் பார்த்தான். பார்த்ததும் வீலென்று கத்தினான். அணிலின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வரமாட்டேன் என்று காலை உதைத்தான். கிட்டே போகப் போக இன்னும் கத்தினான். மருதாயிக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, குண்டுமணி, நான்தான்டா என்று. ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிள்ளை வந்துவிடுவான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிள்ளை நரியிடம் போய்விடுவான். கண்ணாடிக்குள் கண்ணீர் வழிந்தது. அதற்காகவாவது கண்ணாடி உதவியது.

"பழகிடும் மேடம்," என்றது தவளை.

அவள் ஸ்வெட்டரின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். உள்ளே இருந்த வாசம் வெளியே வந்தது. குண்டுமணியின் கத்தல் பாதியில் நின்றது. மூக்கை உறிஞ்சினான். அணிலை விட்டுவிட்டு அவள் வயிற்றில் விழுந்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அப்படியே தூங்கிப்போனான்.

ஆபீஸே கை தட்டியது.

"பாத்தீங்களா?" என்றது கொக்கு. "இவங்களுக்கு எந்தக் குட்டி பொருந்தும்னு நாங்க எவ்வளவு நாள் ஆராய்ச்சி பண்ணியிருப்போம். இதைத்தான் அனுபவம்னு சொல்றது." மாலை போட்டார்கள். போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோ இப்போதும் வெண்சிறகு மையத்தின் சுவரில் இருக்கிறது.

காகிதம் கிடைத்துவிட்டது. ஆனால் காகிதப்படி மருதாயி பனித்தீவுக்காரி, குண்டுமணியும் பனித்தீவுக்காரன். வேல மரத்தில் இருக்க முடியாது. அதனால் அவள் ஓடைக்கு அந்தப் பக்கம் போய் ஒரு கருவேல மரத்தில் குடியேறினாள். சடையனும் பின்னாலேயே வந்துவிட்டான். புருஷனுக்கு யாரும் காகிதம் கேட்கவில்லை.

இதையெல்லாம் நரி பார்த்துக்கொண்டுதான் இருந்தது. காப்பகத்தில் குட்டிகள் குறைகின்றனவே என்று காட்டில் அங்கங்கே முணுமுணுப்பு கேட்க ஆரம்பித்திருந்தது. நரி ஒரு நாள் செம்மறி ஆட்டிடம் போய் ஸ்வெட்டர் விலை விசாரித்தது.

கொஞ்ச நாளில் ஆபீஸுக்கு இன்னொரு பனித்தீவு மேடம் வந்தாள். அவளுக்கும் மாலை, அவளுக்கும் டீ. எது கேட்டாலும் அவளும் 'ஓ' என்றாள். கொழுகொழுவென்று ஒரு முயல்குட்டியைக் கை காட்டினாள். ஓடைக்கு அந்தப் பக்கம் மரத்தில் இருந்த மருதாயி, இந்தப் பக்கம் அந்த மேடம் வெளியே வருவதைப் பார்த்தாள். ஸ்வெட்டருக்குக் கீழே வால் தொங்கியது. நரியின் பெண்டாட்டி.

மருதாயி குண்டுமணியைச் சடையனிடம் கொடுத்துவிட்டு, தன்னால் முடிந்த வேகத்தில் ஓடை மேல் கிடந்த மரத்தில் ஊர்ந்து ஆபீஸுக்கு வந்தாள். ஸ்வெட்டர் போடவில்லை, கண்ணாடி இல்லை.

"சார், அது பனித்தீவுக்காரி இல்லைங்க சார்," என்றாள். இந்தத் தடவை சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

தவளை அவளை ஏற இறங்கப் பார்த்தது. எங்கேயும் பார்த்த ஞாபகம் இல்லை.

"பனித்தீவுக்காரி எப்படி இருப்பான்னு உனக்கு எப்படித் தெரியும்? நீ பாத்திருக்கியா? முதல்ல நீ யாரு?"

நான்தான் போன தடவை வந்த மேடம் என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் நம்புவார்கள். சொன்னால் குண்டுமணியின் காகிதம் செல்லாது. ஜன்னலுக்கு வெளியே, போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்த புது மேடத்தின் கையில் முயல்குட்டி மாலையிலிருந்து ஒரு பூவைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது.

மருதாயி முழித்தாள்.

"ஒண்ணுமில்லைங்க," என்றாள். வரிசையில் நின்றவர்கள் வழி விட்டார்கள். அவள் திரும்பி ஓடையைத் தாண்டிப் போனாள். சடையன் என்ன ஆச்சு என்று கேட்டான். அவள் குண்டுமணியை வாங்கி வயிற்றில் ஒட்டிக்கொண்டாள். அவன் எறும்பு கேட்டான். கொடுத்தாள்.

அந்த வருஷக் கடைசியில், தத்துப் போன குட்டிகள் எப்படி இருக்கின்றன என்று பார்த்துவர ஆபீஸ் செலவில் கொக்கு பனித்தீவுக்குப் புறப்பட்டது. போகிற வழியில் ஒரு குளத்தில் மீன் நன்றாக இருந்ததால் அங்கேயே தங்கிவிட்டுத் திரும்பியது. இரண்டு அறிக்கை கொடுத்தது. 'தேவாங்குக்குட்டி பனியில் சறுக்கி விளையாடுகிறது, எடை கூடியிருக்கிறது, புதுத் தாயிடம் நன்றாக ஒட்டிக்கொண்டது' என்று ஒன்று. 'முயல்குட்டி பனியில் சறுக்கி விளையாடுகிறது, எடை கூடியிருக்கிறது, புதுத் தாயிடம் நன்றாக ஒட்டிக்கொண்டது' என்று இன்னொன்று. தவளை இரண்டையும் படித்துவிட்டு, இரண்டிலும் கையெழுத்துப் போட்டது.

நீதி: தத்து எடுக்க நினைக்கிறவர்கள் முதலில் நாட்டைத் தேர்ந்தெடுங்கள், பிறகு ஏஜென்சியைத் தேர்ந்தெடுங்கள், மறக்காமல் ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை என்ன ஆனாலும் அறிக்கை நன்றாக இருக்கும்.